படுகை எது, படுக்கை எது?

கேள்வி: என் பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரத்தில் எங்கள் வாழைத்தோட்டம் ‘ஆற்றுப்படுகை நிலம்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. மகளின் ஆசிரியையோ குற்றாலமும் தாமிரபரணிப் படுகைக்குள்தான் அடங்கும் என்கிறார். நாளிதழ்களில் ‘படுகையில் மணல் அள்ளினர்’ என்று வருகிறது. எது சரியான பொருள்?
– ஒரு வாசகர், சேரன்மகாதேவி

பதில்: பழைய பொருள் தங்கள் பாட்டனாரின் பத்திரத்தில் இருப்பதுதான். செய் என்பதிலிருந்து செய்கை பிறந்ததைப் போலப் படு என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் படுகை. படுதல் என்பதற்குத் தங்குதல், படிதல் என்னும் பொருள்களும் உண்டாதலால், வெள்ளம் ஏறி வடியும்போது வண்டல் தங்கிப்போகும் ஆற்றோர நிலத்துக்கு இப்பெயர் நன்கு பொருந்துகிறது. காவிரிக் கரையில் இச்சொல்லை இன்னும் நுட்பமாக ஆள்வார்கள். ஆற்றுக்கும் வெள்ளம் தடுக்கும் கரைக்கும் இடைப்பட்ட நிலமே அங்கே படுகை.

நம் பக்கத்தில் ஆற்றோரமெல்லாம் படுகை ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆதிச்சநல்லூர் தாமிரபரணியின் தென்கரையில்தான் இருக்கிறது. ஆயினும் முதுமக்கள் தாழிகள் புதைந்திருக்கும் அந்த மேட்டு நிலத்தை ஊரார் பரம்பு என்பார்களேயன்றிப் படுகை என்று சொல்ல மாட்டார்கள். வெள்ளம் ஏறி வண்டல் தங்கும் தாழ்வுதான் படுகைக்கு அடையாளம். இறங்கிக் குளிப்பதற்கு வாய்த்த இடமோ துறை. குறுக்குத்துறை, சிந்துபூந்துறை என்ற பெயர்களே அதற்குச் சான்று.

ஆசிரியை சொல்வதும் பிழையன்று. ஓர் ஆற்றுக்கு நீர் வந்து சேரும் பரப்பு முழுவதையும் படுகை என்று வழங்குவது புவியியலார் பிற்காலத்தில் ஏற்படுத்திக்கொண்ட கலைச்சொல். குற்றாலத்து அருவி நீர் சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலப்பதால், அந்தக் கணக்கில் குற்றாலமும் உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் ஒரே சொல் வாழைத்தோட்டத்தையும் மலையையும் சுமப்பது குழப்பம் தருமாகையால், இப்பொருளுக்கு நீர்வளத்துறை ஆளும் ‘வடிநிலம்’ என்ற சொல்லையே நான் பரிந்துரைப்பேன்.

மூன்றாவது வழக்குதான் எனக்கு உவப்பில்லாதது. மணல் அள்ளப்படுவது ஆற்றுக்குள். கரையோர நிலத்தில் அன்று. நீர் ஓடும் தரையைக் குறிக்க ஆங்கிலத்தைப் பார்த்துப் ‘படுக்கை’ என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு. அதுவும் படுகையும் ஒலியில் நெருங்கியிருப்பதால் இரண்டும் கலந்துவிட்டன என்று கருதுகிறேன். ‘ஆற்றுக்குள் மணல் அள்ளினர்’ என்று எழுதினால் யாருக்குத்தான் விளங்காது?

தங்கள் பத்திரத்தைப் பொறுத்தவரை, அச்சொல் நிலத்தின் தன்மையைச் சொல்கிறதேயன்றி எல்லையைச் சொல்லவில்லை. எல்லைக்குப் புல எண்ணையும் நான்கெல்லை விவரத்தையும்தான் பார்க்க வேண்டும்.