சீனாவில் ஓய்வு வயது: இளைஞர்களுக்கு ஏன் கவலை?

கேள்வி: சீனாவில் ஓய்வு வயதை உயர்த்தியதற்கு இளைஞர்களும் வருத்தப்படுகிறார்களாமே, ஏன்?

பதில்: 2025 ஜனவரி முதல் 15 ஆண்டுகளில் இது படிப்படியாக ஏறுகிறது. ஆண்களுக்கு 60-லிருந்து 63. அலுவலகப் பணிப் பெண்களுக்கு 55-லிருந்து 58. தொழிலாளர் பெண்களுக்கு 50-லிருந்து 55. 1965 மே மாதம் பிறந்த ஆணுக்கு இரண்டே மாதம்தான் கூடுதல். 1976 செப்டம்பர் முதல் பிறந்த ஆணுக்கோ முழு மூன்று ஆண்டு.

இளைஞர்களின் ஆதங்கம் நியாயமானது. பல வேலை விளம்பரங்கள் 35 வயதைத் தாண்டியவரைக் கூப்பிடுவதே இல்லை. நாற்பதில் வேலை போனால் அறுபத்து மூன்று வரை எப்படி ஓட்டுவது? தவிர, ஓய்வூதியத்துக்கான குறைந்தபட்சச் சந்தாக் காலமான 15 ஆண்டு, 2030 முதல் ஆண்டுக்கு ஆறு மாதம் வீதம் 20 ஆண்டு வரை கூடும். இடையில் வேலையின்றி இருந்தவருக்கு இதுதான் பெரிய அடி. சந்தா நிறைந்தவர் முன்கூட்டியே ஓய்வு பெறலாம். ஆனால் பழைய வயதுக்குக் கீழே போக முடியாது.