வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறாள், பெண்ணுக்கு அது ஒத்துவராது என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, தேனி

பதில்: இந்தப் பேச்சு புதிதல்ல. 1933-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்த உயிர்வேதியியல் அறிஞர் கமலா சோஹோனியை, பெண் என்பதற்காகவே அதன் இயக்குநராக இருந்த சர் சி.வி.ராமன் முதலில் மறுத்தார்; நோபல் பரிசு பெற்ற மேதைக்கும் இப்படியொரு தயக்கம்! விடாமல் வாதாடிய கமலாவை ஓராண்டு சோதித்துப் பார்க்கும் நிபந்தனையோடு சேர்த்துக்கொண்ட ராமன், அவருடைய உழைப்பைக் கண்டபின் மற்றப் பெண்களுக்கும் இடமளித்தார். கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆய்வக வேலை இரவு வரை நீளும் என்பது உண்மைதான். ஆகவே, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, மாணவியர் விடுதியின் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், மாணவர் விடுதிக்கும் அதே நேரம்தானா என்று கேட்டுவிடுங்கள்.