ஒட்டுக்கா உட்கார்ந்து கேட்கலாம் வாங்க

கதை முழுவதையும் பாட்டாலேயே சொல்லும் ஐரோப்பிய இசை நாடகம் ஓபரா. முப்பது வருடம் நூற்பாலைகளில் இயந்திரப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நம் கட்டுரையாளர், பீளமேட்டில் தன் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு இளைஞர்களைச் சேர்த்து ஓபரா கேட்கிறார். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

யூடியூபில் இத்தாலியப் பாடகர் பவரொட்டி பாடிய ‘நெஸ்ஸுன் டோர்மா’வைத் தற்செயலாகக் கேட்டேன். ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் கண் கலங்கிவிட்டது. முழு ஓபரா பார்க்க ஆசை. எதில் தொடங்குவது? ரூம் தோழிகள் “சீன் போடாதே” என்கிறார்கள்.
– மென்பொருள் ஊழியர், சரவணம்பட்டி

கண் கலங்கியது பாருங்க அம்மணி, அதுதான் தொடக்கம். அதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கேட்ட பாட்டு இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘துரன்டோ’ ஓபராவில் வருவது. அந்தப் பாட்டின் கடைசிச் சொல் ‘வின்செரோ’. வெல்வேன் என்று அர்த்தம். அந்த ஓபராவை முடிக்காமலே 1924-ல் புச்சினி இறந்துபோனார். இன்னொருவர் முடித்துக் கொடுத்து 1926-ல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் அரங்கேறியது. முதல் நாள் இசை நடத்திய தோஸ்கனீனி, புச்சினி எழுதி நிறுத்திய இடம் வந்ததும் கோலைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு அதோடு சரி.

ஆனால் அதில் தொடங்காதீர்கள். அதே புச்சினியின் ‘லா போயெம்’ பாருங்கள். 1896-ல் தூரின் நகரில் அரங்கேறியது, இசை நடத்தியவர் அதே தோஸ்கனீனி. ஒரு மணி முக்கால் நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான். கதையும் உங்களுக்குத் தெரிந்த கதை. பாரிஸில் ஒரு மொட்டை மாடி அறை, நான்கு பையன்கள், கையில் காசில்லை, குளிருக்கு விறகில்லை. கவிஞன் தான் எழுதிய நாடகத்தையே அடுப்பில் போட்டு எரித்துக் குளிர் காய்கிறான். வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்து நிற்கிறார். சரவணம்பட்டியில் நான்கு பேர் சேர்ந்து ரூம் எடுத்திருக்கும் யாருக்கும் இதற்கு உரை தேவையில்லை.

மற்றவர்கள் வெளியே போனபின், அணைந்த மெழுகுவர்த்திக்கு நெருப்புக் கேட்டு ஒரு பெண் கதவைத் தட்டுகிறாள். பக்கத்து அறைக்காரி, மீமி. துணியில் பூவேலை செய்து பிழைப்பவள். சாவியைத் தொலைத்துவிடுகிறாள். இரண்டு விளக்கும் அணைந்த இருட்டில் இருவரும் தரையில் தேடுகிறார்கள். கவிஞனுக்குச் சாவி கிடைக்கிறது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இன்னும் தேடுகிற மாதிரியே தடவுகிறான். கை கையில் படுகிறது. “எவ்வளவு சில்லிட்டிருக்கு இந்தச் சின்னக் கை” என்று மெதுவாக, கிட்டத்தட்டப் பேச்சு மாதிரியே, பாட்டு ஆரம்பிக்கிறது. அந்தக் கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சியில் காசநோய் முற்றிச் சாகக் கிடக்கும்போது அவளுக்கு அதே கைதான் குளிர்கிறது. கை நுழைக்க ஒரு கம்பளி உறை வாங்கி வந்து கொடுக்கிறார்கள். நண்பர்களில் ஒருவன் மருந்துக்காகத் தன் பழைய கோட்டை விற்கப் போகிறான். போகுமுன் அந்தக் கோட்டுக்கே ஒரு பாட்டுப் பாடி விடைகொடுக்கிறான். அவள் உயிர் போனது கவிஞனுக்குத்தான் கடைசியாகத் தெரியும். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறான்.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று நினைக்காதீர்கள். காங்கயம் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் திடலில் அண்ணன்மார் கதை உடுக்கையடித்துப் படிக்கும்போது, படுகளத்தில் பொன்னரும் சங்கரும் விழுவது, அம்மாவைப் பெற்ற எங்கள் அமுச்சிக்கு மனப்பாடம். ஆனாலும் தங்காள் அண்ணன்களைத் தேடி வரும் இடத்தில் வருடா வருடம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார். முடிவு தெரிந்தால்தான் வழி நெடுகக் கேட்க முடியும். அதனால் கதையை முன்பே படித்துவிடுங்கள். மொழிக்கு வசனவரி இருக்கிறது. வெளிநாட்டு ஓபரா அரங்குகளிலும் இப்போது மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு ஓடுகிறது. 1983-ல் கனடாவின் டொரோண்டோவில் தொடங்கிய வழக்கம். முதல் நாள் முதல் அங்கம் மட்டும் பாருங்கள். தோழிகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ஏன் இப்படிக் கத்துகிறார்கள்? மைக் வைத்து மெதுவாகப் பாடினால் என்ன?
– கல்லூரி விரிவுரையாளர், ஈரோடு

மைக் வரும் முன்னே பிறந்த கலை அது. இன்றும் பெரும்பாலும் மைக் இல்லாமல்தான் பாடுகிறார்கள். எழுபது எண்பது வாத்தியம் முழங்கும்போது ஒற்றைக் குரல் கடைசி வரிசைக்கு எப்படிப் போகிறது என்பதுதான் எனக்கு முதலில் வந்த சந்தேகம். நான் இயந்திரக்காரன், இசைக்காரன் இல்லை. வாத்தியக் குழுவின் ஒலிப் பலம் 500 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 500 அதிர்வு, பக்கம் குவிந்திருக்கும், மேலே போகப் போக மெலியும். பயிற்சி பெற்ற பாடகர்கள், குறிப்பாக ஆண் பாடகர்கள், குரல்வளையைத் தாழ்த்தி 3,000 ஹெர்ட்ஸ் சுற்றிலும் தங்கள் ஒலியைக் குவிக்கிறார்கள். அங்கே வாத்தியங்களின் நெரிசல் குறைவு. நம் காதுக்குக் கூர்மை அதிகமுள்ள இடமும் அதுதான். மில் ஷெட்டில் ஸ்பின்டில்கள் ஓடும் இரைச்சலில் எங்கள் பெண் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும்போது தொண்டையைப் பெரிதாக்க மாட்டார்கள். குரலை மெல்லிசாக்கி மேலே ஏற்றுவார்கள். பத்து நூற்பு இயந்திரம் தாண்டிக் கேட்கும்.

கத்தல் என்று தோன்றுவது பெரும்பாலும் போன் ஸ்பீக்கரின் குறை. நல்ல ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

திருப்பூரில் எங்களைப் போல எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வேலை செய்யும் ஆறேழு பேர் சேர்ந்து ஓபரா கேட்க ஒரு குழு தொடங்க நினைக்கிறோம். உங்கள் கூட்டம் எப்படி நடக்கிறது?
– மெர்ச்சன்டைசர், திருப்பூர்

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

இருபத்தெட்டு வயதில் நூல் சுற்றும் இயந்திரப் பயிற்சிக்காக மில் என்னை இத்தாலிக்கு அனுப்பியது. உடன் வேலை செய்தவர் ஒரு சனிக்கிழமை வெரோனாவுக்குக் கூட்டிப் போனார். ரோமானியர் கட்டிய திறந்தவெளி வட்ட அரங்கம். 1913-ல் இருந்து கோடையில் அங்கே ஓபரா நடக்கிறது. மலிவு டிக்கெட்டுக்கு நாற்காலி இல்லை, கற்படிதான். பகல் வெயிலெல்லாம் கல்லில் ஏறி, இரவு ஒன்பது மணிக்கும் உட்காருமிடம் சுட்டது. இருட்டியதும் ஆயிரக்கணக்கான பேர் கையில் சின்ன மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், கார்த்திகைத் தீபம் மாதிரி. அன்றைக்கு இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘ஐடா’. என் பக்கத்தில் ஒரு பாட்டி துணிப்பையிலிருந்து ரொட்டி எடுத்து எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். பாடகி வாய் திறக்கும் முன்னே அவர் உதடு அசைந்தது. கடைசியில் காதலர் இருவரையும் உயிரோடு கல்லறைக்குள் அடைத்துவிடுகிறார்கள். யானை ஊர்வலம் போல முழங்கிய இசை அடங்கி, இரண்டு குரல் மட்டும் தணிந்து தணிந்து போகிறது. ஏறக்குறைய 15,000 பேர் இருந்த இடத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. எங்கள் ஊர்த் திடலில் அமுச்சி மடியில் படுத்துக் கேட்ட இரவுதான் எனக்கு நினைவு வந்தது.

அதனால்தான் சொல்கிறேன்: தனியாகக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது பயிற்சி. கூடிக் கேட்பதுதான் ஓபரா.

எங்கள் முதல் கூட்டத்தில் நான் பெரிய பிழை செய்தேன். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் நான்கு மணி நேரப் படைப்பொன்றை முழுசாகப் போட்டேன். வந்த ஒன்பது பேரில் நான்கு பேர் அடுத்த மாதம் வரவில்லை. வாரம் முழுக்க உழைத்துவிட்டு வந்த பிள்ளைகள்; அவர்கள் மேல் குற்றமே இல்லை. இப்போது ஒரு நாளைக்கு ஓர் அங்கம்தான்.

காலை பத்தரைக்குச் சேர்வோம். முறை வைத்து ஒருவர் கதையைத் தமிழில், தாளைப் பார்க்காமல், வாயால் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு பல் மருத்துவப் பெண் சொன்னார். அவர் சொல்லும்போதே இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு அந்த அங்கத்தின் முக்கியப் பாட்டு ஒன்றை மூன்று தடவை கேட்போம். முதலில் கண்ணை மூடி, அடுத்து வரிக்கு வரி தமிழ் அர்த்தம் எழுதிய தாளோடு, கடைசியாகத் திரையில். அதன் பிறகு அங்கம் முழுக்க. மதியம் அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிரும் அப்பளமும். பேச்செல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான். யாருக்குப் பிடிக்கவில்லையோ அவரை முதலில் பேச விடுவோம். இந்த வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். “நல்லாருக்கு” என்று எல்லோரும் தலையாட்டும் கூட்டம் மூன்று மாதத்தில் கலைந்துவிடும்.

வெளிநாட்டு அரங்குகள் உங்கள் வயதுக்காரர்களைத் தேடிப் பிடிக்கின்றன. லா ஸ்காலா வருடா வருடம் டிசம்பர் 7-ல் சீசனைத் திறக்கும்; அதற்குச் சில நாள் முன்பு 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்றே ஒரு காட்சி உண்டு. வியன்னாவில் நின்று பார்க்கும் டிக்கெட் மிக மலிவு. இடம் பிடிக்கக் கம்பியில் கழுத்துத்துணியைக் கட்டிவிட்டு வெளியே போய்வருவார்கள். துண்டு போட்டு இடம் பிடிப்பது அங்கேயும் முறைதான்.

என் மகன் கோவையில் வேலை. முன்பெல்லாம் ஞாயிறானால் வீட்டுக்கு வருவான். இப்போது பாட்டுக் கேட்கும் கூட்டம் என்கிறான். இது நம்ம ஊர்ப் பாட்டுகூட இல்லையே?
– இல்லத்தரசி, பொள்ளாச்சி

அம்மா, உங்கள் மகன் எங்கள் கூட்டத்துக்கு வருகிறவரா என்று எனக்குத் தெரியாது. உங்கள் வருத்தம் நியாயமானது. இதே குறை வேறு வீடுகளிலிருந்தும் வந்தது. அதன் பிறகுதான் மாதத்துக்கு ஒரே ஞாயிறு, மற்ற மூன்றும் ஊருக்குப் போக என்று வைத்தோம்.

ஒன்று சொல்கிறேன். வெர்டியின் ‘லா த்ராவியாத்தா’ 1853-ல் வெனிஸில் அரங்கேறியபோது எடுபடவில்லை, மறுவருடம் அதே ஊரில் வென்றது. அதன் இரண்டாம் அங்கத்தில் ஓர் அப்பா, பாரிஸ் பக்கம் தங்கிவிட்ட மகனைத் தேடி வருகிறார். “புரோவான்ஸ் கடலையும் மண்ணையும் உன் நெஞ்சிலிருந்து அழித்தது யார்?” என்று கேட்டு ஊருக்குக் கூப்பிடுகிறார். அதைக் கேட்டபோது எங்கள் கூட்டத்தில் பம்பு வடிவமைக்கும் ஒரு பையன் தலை குனிந்துகொண்டான். தாராபுரம் பக்கம் தோட்டம், அப்பா தனியாகப் பார்த்துக்கொள்கிறார். ரொம்ப நேரம் கழித்து, “எங்கப்பா இதே பேச்சுத்தானுங்க பேசுவாரு” என்றான். அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் போனான். அந்தப் பாட்டுக்குச் சற்று முன்னால்தான் அதே அப்பா, மகன் காதலிக்கும் பெண்ணின் வாழ்க்கையை உடைத்துவிட்டு வந்திருப்பார் என்பதையும் சொல்ல வேண்டும். பாசத்தையும் பிடிவாதத்தையும் ஒரே ஆளிடம் வைத்திருக்கிறார் வெர்டி.

அடுத்த முறை மகன் வரும்போது அந்த ஒரு பாட்டைப் போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நம்ம ஊர்ப் பாட்டா இல்லையா என்று அப்புறம் சொல்லுங்கள்.

நம் நாட்டைப் பற்றிய ஓபரா உண்டா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

உண்டுங்க. பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசே இருபத்து நான்கு வயதில் எழுதிய ‘முத்துக் குளிப்போர்’ பக்கத்து இலங்கைக் கரையில் நடக்கிறது, 1863. இன்னொரு பிரெஞ்சுக்காரர் டெலிபின் ‘லாக்மே’யில், 1883, நீலகண்டா என்கிற பிராமணரின் மகள் வெள்ளைக்கார அதிகாரியைக் காதலித்து, கடைசியில் ஊமத்தை தின்று சாகிறாள். நம்ம வாய்க்கால் ஓரம் முளைத்துக் கிடக்கும் அதே ஊமத்தை. இரண்டிலும் நம் வழக்கங்கள் தாறுமாறாக இருக்கும், இசை அருமை. எனக்குப் பெரிதாகப் படுவது அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸின் ‘சத்யாக்ரஹா’, 1980. தென்னாப்பிரிக்காவில் காந்தி, பாடுவது முழுக்க கீதையின் சமஸ்கிருதத்தில்.

இந்தியாவிலேயே இதையெல்லாம் பெரிய திரையிலோ மேடையிலோ பார்க்க வழி?
– பட்டயக் கணக்கர் பயிற்சி மாணவர், கோவை

மும்பைதான். அங்கே 1911-ல் திறந்த ராயல் ஓபரா ஹவுஸ், பல வருடம் பூட்டிக் கிடந்து 2016-ல் மறுபடி திறந்தது. நாரிமன் பாயின்டில் உள்ள தேசிய நிகழ்கலை மையத்தில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் நிகழ்ச்சிகளைத் திரையிடுவது உண்டு. தேதி பார்த்து டிக்கெட் எடுத்துவிட்டு, அப்புறம் ரயிலுக்குப் போடுங்கள். கோவையிலிருந்து குர்லா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. திருப்பூர்த் தம்பி திருப்பூரில் ஏறிக்கொள்வார், விரிவுரையாளர் ஈரோட்டில். சரவணம்பட்டி அம்மணியும் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்தால், கதையை ரயிலிலேயே சொல்லி முடித்துவிடலாம்.