ஹெல்மந்த் ஆறும் ஈரத் துண்டும்

அண்ணா, 2023 மே மாசம் ஹெல்மந்த் ஆத்துத் தண்ணித் தகராறுல ஈரான் படையும் தாலிபானும் எல்லையில சுட்டுக்கிட்டாங்கன்னு படிச்சேன். ரெண்டும் முஸ்லிம் நாடுதானே? யார் பக்கம் நியாயம்? மூணாவது உலகப்போர் தண்ணிக்காகத்தான்னு சொல்றாங்களே?
- ரா., ஈரோடு

அன்புள்ள தம்பி,

அந்த உலகப்போர் வசனத்த முதல்ல தூக்கிப் போடுங்க, வாட்ஸ்அப்ல வர்றதையெல்லாம் இங்க கொண்டு வராதீங்க. மதமும் அப்படித்தான், வாய்க்கா காஞ்சா அண்ணன் தம்பியே அடிச்சுக்குறான்.

ஆப்கன் மலையில பொறந்து ஈரான் எல்லையில இருக்குற ஹாமூன் ஏரிக்குப் போற இந்த ஆறு ரொம்ப நாளா என் மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு. துபாய்ல ஒரு ரூம்ல எட்டுப் பேர் இருந்தோம், எனக்கு மேல் கட்டில்ல ஈரான்ல ஜாபோல் ஊர்க்காரர். அவங்கப்பா ஹாமூன் ஏரியில மீன் பிடிச்சவர், நாணலைக் கட்டுக்கட்டா சேத்துக் கட்டின படகு, தூத்தன்னு பேரு, அதுல நின்னு கம்பு ஊன்றித் தள்ளிட்டுப் போவாராம். இவரு ஏசி ரூம்லயும் மூக்குல ஈரத் துண்டப் போட்டுட்டுத்தான் தூங்குவாரு, சின்ன வயசுப் பழக்கமாம். அங்க கோடையில அடிக்கிற காத்துக்குப் பேரே நூத்திருபது நாள் காத்து, ஏரி காஞ்சதும் அந்தத் தரைப் புழுதி பூரா வீட்டுக்குள்ள. படகு என்னாச்சுன்னு கேட்டேன். மாடு தின்னுடுச்சுன்னாரு.

ஒப்பந்தம் இல்லாம இல்ல தம்பி. ரெண்டு நாடும் 1973லயே போட்டாச்சு. நொடிக்கு 22 கன மீட்டர், நல்லெண்ணத்துக்குன்னு இன்னும் 4, ஆக 26 ஈரானுக்கு. வறட்சி வருஷம்னா அதுக்கேத்தாப்ல குறையும். சரி, இது வறட்சி வருஷம்னு யாரு சொல்றது? கஜகி அணைக்கு மேல தெஹ்ராவுத்ல தண்ணி அளக்குற இடம் இருக்கு, அந்தக் கணக்குதான் எல்லாம். அளவுக்கோல் நிக்கிறது ஆப்கன் மண்ணுல, நாப்பது வருஷத்துக்கு மேல சண்டை நடந்த மண்ணுல. மழையே இல்லன்னு ஆப்கன்காரங்க சொல்றாங்க, பொய்னு ஈரான்காரங்க சொல்றாங்க. 2023ல அப்ப ஈரான் அதிபரா இருந்த ரைசி கேட்டதும் எங்க ஆளுங்க வந்து பாக்கட்டும்னுதான். நான் திரும்பத் திரும்ப இதையேதான் சொல்லுவேன், பங்கு போடுறது ஈஸி, ரெண்டு ஊர் ஆளும் சேந்து நின்னு கோலப் பாத்து ஒரே நோட்டுல எழுதணும், அது நடக்காத வரைக்கும் 26ங்கிறது வெறும் நம்பர்.

நியாயம் கேட்டீங்கல்ல? ஆப்கன்ல 2021ல திறந்த கமால் கான் அணையில இருந்து தண்ணிய கௌத்-எ-சிரேங்கிற உப்புப் பள்ளத்துக்குத் திருப்பி விட்டாங்க, ஆப்கன் வயலுக்கும் போகல, ஏரிக்கும் போகல, அந்தப் பள்ளத்தோட படத்தப் பாத்தா வயிறு எரியுது. ஈரான் மட்டும் என்ன? வர்றத சாஹ்-நீமே நீர்த்தேக்கத்துல பிடிச்சு ஜாஹிதான் நகரத்துக்குக் குழாய்ல அனுப்புது. ஒப்பந்தத்துல ஏரிக்குன்னு தனியா ஒரு சொட்டு எழுதல, ரெண்டு பேருமே எழுதல. என் ரூம்மேட்டோட அப்பாவ யாரும் கேக்கல.

அடுத்த தடவ எழுதுறதுக்கு முன்னாடி, சுட்டதுல எத்தன பேர் செத்தாங்கன்னு தேடுற நேரத்துல, அந்த மாசம் தெஹ்ராவுத்ல எவ்ளோ தண்ணி ஓடுச்சுன்னு தேடுங்க தம்பி. கிடைச்சா எனக்கும் அனுப்புங்க.