மூளையில் சிறிய அனியூரிசம் இருக்கிறது, இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்கிறார்கள். இந்தப் பயத்தோடு எப்படி வாழ்வது?

மூளை ரத்தக்குழாயில் உள்ள அந்த வீக்கம், அதாவது அனியூரிசம், 5 மில்லிமீட்டருக்கும் குறைவு, மாடிப்படி ஏறவே பயமாக இருக்கிறது, இரவில் தூக்கம் வருவதில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாடிப்படிப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் மருத்துவர் அல்ல. கும்பகோணத்தில் கணக்கு ஆசிரியை, வயது 51. என் தலையின் இடது பக்கத்தில், நடுப் பெருமூளைத் தமனி இரண்டாகப் பிரிகிற இடத்தில், 4 மில்லிமீட்டர் வீக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு மிளகின் அளவு. அது தெரியவந்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன.

ஒரு வாரம் படுக்கையிலிருந்து எழுந்தாலே அறை சுழன்றது. அது காதுக் கோளாறு என்று பின்னால் தெரிந்தது; சில நாள் பயிற்சியில் போய்விட்டது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று எடுத்த எம்.ஆர்.ஐ.யில் யாரும் தேடாத இந்த மிளகு அகப்பட்டது. அறிக்கையைப் பார்த்த முதல் மருத்துவர், "தலைக்குள் வெடிகுண்டு மாதிரி அம்மா, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம்" என்றார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் என் கை தானாகத் தலைக்குப் போனது. அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வெளியே வர எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. நோயாளியிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்று இன்றும் கோபம் இருக்கிறது.

பயத்துக்கு இன்னொரு காரணம் நம் ஊர்ப் பேச்சு. "மூளை நரம்பு வெடித்துப் போய்விட்டார்" என்று எத்தனை சாவு வீடுகளில் கேட்டிருப்போம்! நரம்பு என்று நாம் சொல்வதில் ரத்தக்குழாயும் அடக்கம். ரத்தம் உறைந்து அடைத்தாலும் நரம்புதான், ரத்த அழுத்தம் ஏறி மூளைக்குள் கசிந்தாலும் நரம்புதான். என் சித்தப்பாவும் அப்படித்தான் போனார் என்று வீட்டில் நினைவூட்டினார்கள். அவருடைய பழைய காகிதங்களைத் தேடி எடுத்துக் காட்டியபோது மருத்துவர் சொன்னார்: அது பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தத்தால் மூளைக்குள் ஏற்பட்ட கசிவு, அனியூரிசமே அல்ல. உங்களிடம் உறவினர்கள் வந்து சொல்லும் கதைகளில் பாதி வேறு நோயின் கதைகளாக இருக்கும். தயவுசெய்து அவற்றை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

தஞ்சாவூரில் இரண்டாவதாகப் பார்த்த மூளை அறுவை நிபுணர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மூளைத் தமனிகளின் சுவர் உடம்பின் மற்றத் தமனிகளைவிட மெல்லியது. குழாய் கிளை பிரிகிற முனையில் ரத்தம் வந்து மோதிக்கொண்டே இருப்பதால், அங்கே சுவர் மெலிந்தால் பழைய சைக்கிள் டியூபில் புடைப்பது போலப் புடைக்கும். அவ்வளவுதான் அனியூரிசம். வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். எங்கள் பள்ளியில் ஆசிரியர்களும் ஊழியர்களுமாக அறுபது பேர். அந்தக் கணக்கில் இன்னும் ஒருவருக்காவது இருக்கக்கூடும். எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியாது.

கணக்கு ஆசிரியை என்பதால் எண்களைக் கேட்டேன். ஜப்பானில் 5,720 பேரை, அவர்களிடம் இருந்த 6,697 வீக்கங்களைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 4 மில்லிமீட்டர் வரையுள்ள வீக்கங்கள் உடையும் வாய்ப்பு ஆண்டுக்கு 0.36 சதவீதம். அதாவது ஆயிரம் பேரில் ஓராண்டில் மூன்று, நான்கு பேர். ஜப்பானியர்களுக்கும் பின்லாந்துக்காரர்களுக்கும் மற்றவர்களைவிட உடையும் வாய்ப்பு அதிகம் என்று 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அன்றிரவு நான் 0.36ஐ முப்பது ஆண்டுகளால் பெருக்கிப் பார்த்து மறுபடி கலங்கினேன். மருத்துவர் அந்தப் பெருக்கலைத் திருத்தினார். அபாயம் ஆண்டுதோறும் எல்லோருக்கும் ஒரே சீராக ஓடுவதில்லை. வளராமல் நிற்கும் வீக்கத்துக்கும் வளர்ந்துகொண்டே போகும் வீக்கத்துக்கும் வேறுபாடு பெரிது. வளர்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன்.

உங்கள் கேள்வியில் வீக்கம் எந்த இடத்தில் என்று இல்லை. அதை அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூளையின் பின்பக்கத் தமனிகளிலும் பின் இணைப்புத் தமனியிலும் இருந்தால், அதே அளவு வீக்கத்துக்கும் அபாயம் கூடுதல். ஓரம் வழவழப்பாக இருக்கிறதா, அதன் மேல் சிறு குமிழ் ஏதும் முளைத்திருக்கிறதா என்பதும் முக்கியம். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய வட்டத்தில் இரண்டு பேருக்கு இருந்தாலோ, சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் இருந்தாலோ அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

"அப்படியானால் இப்போதே எடுத்துவிடுங்களேன்" என்று நானும் கேட்டேன். மண்டையைத் திறந்து வீக்கத்தின் கழுத்தில் டைட்டானியம் கிளிப் போடலாம். தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் செலுத்தி உள்ளே பிளாட்டினச் சுருளை நிரப்பலாம். வலை போன்ற ஸ்டென்ட் வைத்து ரத்த ஓட்டத்தைத் திருப்பலாம். எல்லாமே நல்ல சிகிச்சைகள், வேண்டியபோது உயிர் காப்பவை. ஆனால் இவை ஒவ்வொன்றிலும் நூற்றில் சிலருக்குப் பக்கவாதம் போன்ற சிக்கல் வரும். என்னுடைய 4 மில்லிமீட்டருக்கு, பார்த்துக்கொண்டிருப்பதைவிட எடுப்பதில் ஆபத்து அதிகம் என்றார் மருத்துவர். 'ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்கள்' என்று நீங்கள் நினைத்தால், அப்படி இல்லை. எடை போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். உங்களுக்கு அந்த எடை வேறாகவும் இருக்கலாம். உங்கள் மருத்துவரிடம் அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் கஷ்டப்பட்டது அங்கேதான். கணவர் தண்ணீர்க் குடத்தைத் தொடவிடவில்லை. மகன் மதிப்பெண் குறைந்ததை மறைத்தான், அம்மாவுக்குக் கோபம் வரக் கூடாதாம். என்னைச் சுற்றி எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். என் மாமியார் ரசத்துக்கு மிளகு எடுக்கும்போதெல்லாம் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை ஒருவர், "வெளியே மூச்சுவிடாதே, நாளைக்குப் பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டும்" என்று காதில் சொன்னார். இன்னொருவர் நரம்பைக் கரைக்கும் கஷாயம் என்று ஒரு புட்டியைக் கொண்டுவந்தார். எல்லாம் அன்புதான். ஆனால் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைப் போல வீட்டில் வைக்கப்பட்டிருப்பது, அந்த நோயைவிடக் கனமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து மருத்துவர் சொன்னதை நானே சொன்னேன். நடக்கலாம், படி ஏறலாம், வகுப்பில் சத்தமாகப் பாடம் நடத்தலாம், ரயிலிலும் விமானத்திலும் போகலாம். மூச்சை அடக்கி முக்கித் தூக்கும் பெரிய சுமை வேண்டாம். காஸ் சிலிண்டர் தூக்குவது கணவருடைய வேலை. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மகன் மதிப்பெண்ணை என்னிடம் சொல்ல வேண்டும். மகளிடம் தனியாக, யார் வீட்டிலிருந்து கேட்டாலும் உள்ளதைச் சொல்வோம் என்றேன். அவள்தான் முதலில் சிரித்தாள்.

என் கையில் உண்மையாகவே இருக்கும் வேலை ரத்த அழுத்தம். 150க்கு 95 என்று இருந்தது, அதுவும் எனக்குத் தெரியாமலேயே இருந்தது. மாத்திரையோடு ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகியவற்றைக் குறைத்தேன். இப்போது 120களில் நிற்கிறது. ஆரம்பத்தில் ஒரு நாளைக்குப் பத்து தடவை கருவியைக் கட்டிப் பார்ப்பேன். பயத்திலேயே அளவு ஏறும், ஏறியதைப் பார்த்து இன்னும் பயம் வரும். இப்போது வாரம் இரண்டு நாள், காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு. வலி மாத்திரைகளிலும் மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகளிலும் சில ரத்த அழுத்தத்தை ஏற்றும், கேட்காமல் வாங்காதீர்கள். ஆஸ்பிரின் போன்றவற்றை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். புகைப்பவராக இருந்தால், நான் மன்றாடிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். வீக்கம் வருவதற்கும் உடைவதற்கும் புகை துணைபோகிறது. என் ஸ்கேன் படத்தைப் பார்த்த பிறகுதான் என் தம்பி விட்டான்.

ஸ்கேன் பற்றி ஒரு அனுபவம். முதலில் ஆறு மாதத்தில், பிறகு ஆண்டுக்கு ஒன்று. எம்.ஆர். ஆஞ்சியோ என்பார்கள், ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ.; எனக்கு எடுப்பதில் கதிர்வீச்சும் இல்லை, ஊசி மருந்தும் இல்லை, காதைத் துளைக்கும் சத்தம் மட்டும் உண்டு. இரண்டாம் ஆண்டு அருகிலேயே இருக்கிறதே என்று வேறொரு மையத்தில் எடுத்தேன். அறிக்கையில் 4.6 என்று இருந்தது. அந்த மூன்று நாட்களை நான் மறக்க மாட்டேன். பழைய படத்தையும் புதிய படத்தையும் மருத்துவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தாமே அளந்தார். இரண்டும் ஒன்றுதான், கருவியும் அளந்த கையும் வேறு, வீக்கம் வேறல்ல. ஆகவே முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள், பழைய சி.டி.யைக் கையோடு கொண்டுபோங்கள், எண்ணை மட்டும் படித்துவிட்டு இரவெல்லாம் அழாதீர்கள். புதிதாக மருத்துவக் காப்பீடு எடுப்பதானால் இதை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான்.

எப்போது பயப்பட வேண்டும் என்பதை என் வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். சில விநாடிகளில் உச்சத்துக்கு ஏறும், வாழ்நாளில் கண்டிராத தலைவலி, இடி விழுந்தது போல. கூடவே வாந்தி, பிடரி விறைப்பு, வெளிச்சம் கூசுதல், மயக்கம், வலிப்பு. ஒரு கண்ணிமை திடீரெனத் தொங்குவது, பார்வை இரண்டாகத் தெரிவது. இவற்றில் எது வந்தாலும் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது. உடனே 108, 'தலையில் அனியூரிசம் இருக்கிறது' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். மாதாமாதம் வரும் என் ஒற்றைத் தலைவலி இந்தப் பட்டியலில் இல்லை. சிறிய வீக்கங்கள் பொதுவாக வலிப்பதே இல்லை. இதை எழுதி ஒட்டிய பிறகு சாதாரணத் தலைவலி வந்த நாட்களில் தூங்க முடிந்தது. ஆறு வாரத்துக்கு மேல் தூக்கமே வராவிட்டால் மனநல மருத்துவரையும் பாருங்கள். நான் போனேன், அது பெரிய உதவியாக இருந்தது.

படிக்கு வருகிறேன். சுவாமிமலைக் கோயிலுக்கு அறுபது படிகள், தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயரால். தலையில் இது இருப்பது தெரிந்த பிறகு எட்டு மாதம் கீழேயே நின்று கும்பிட்டுத் திரும்பினேன். ஆறாவது மாத ஸ்கேன் மாறாமல் வந்த பிறகு ஒரு கிருத்திகைக்கு மறுநாள், கூட்டம் இல்லாத காலையில், கணவர் பின்னால் வர, பிரபவ, விபவ, சுக்கில என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஏறினேன். இருபதாவது படியில் உட்கார்ந்தேன், நாற்பதில் ஒரு முறை. அட்சய வரை வந்தபோது முழங்கால் வலித்தது, மூச்சு வாங்கியது, தலையில் ஒன்றும் இல்லை. நீங்கள் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நாளை உங்கள் வீட்டு மாடிப்படியில் நான்கு படி ஏறிப் பாருங்கள். யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லுங்கள்.