கைதட்டிக்கொண்டு நின்ற தம்பி

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருந்து எழுதுகிறேன். கல்யாணம், பிறந்தநாள், கோவில் விழா என்று வாசிக்கிற குழு எங்களுடையது. அப்பா ஆரம்பித்தது, அவர் போன பிறகு நான்தான் நடத்துகிறேன். பாட்டின் மெட்டை வாசிக்கும் லீட் கிட்டார் நான், கூடவே தாளத்துக்கு வாசிக்கும் ரிதம் கிட்டார் தம்பி. என்னிடம் இருப்பது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். போன மாதம் இங்கே டர்பனிலேயே ஃபீனிக்ஸில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் வருகிற நேரம் பார்த்து முதல் கம்பி அறுந்துவிட்டது. இந்த வருஷம் இது மூன்றாவது தடவை, அதே கம்பி. நல்ல வேளை, தம்பி எப்போதும் போல உடனே தன் கிட்டாரைக் கழற்றிக் கொடுத்தான் (அது என் பழைய கிட்டார்தான்). அவன் ஓரமாகக் கைதட்டிக்கொண்டு நின்றான், பாட்டு தப்பித்தது. இனி ஸ்பேர் கிட்டார் இல்லாமல் மேடை ஏறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எபிஃபோன் லெஸ் பால் கிட்டாரா, ஸ்குவையர் கிட்டாரா? மனசு லெஸ் பாலைத்தான் கேட்கிறது. ஜெனரேட்டர் ஓடுகிற மண்டபத்தில் அது இரையாது என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: இசைக்குழு நடத்துபவர்கள் எழுதும் கடிதங்களில் பாதி இந்த ரகம்தான். எதை வாங்கலாம், எதை வாங்கலாம். வாங்குவதை அப்புறம் பார்ப்போம். மூன்று தடவை கைதட்டிக்கொண்டு நின்றானே உங்கள் தம்பி, அவனுக்குக் கடிதத்தில் நீங்கள் ஒதுக்கியது இரண்டு வாக்கியம். அதிலும் ஒரு அடைப்புக்குறி போட்டு, கிட்டார் உங்களுடையது என்று உரிமை வேறு சொல்லிவிட்டீர்கள்.

இத்தனை நாள் உங்களிடம் ஸ்பேர் கிட்டார் இல்லை என்பது சரியில்லை. இருந்தது. அவன் தோளில் தொங்கியது.

அந்தக் கல்யாண வீடியோவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வருகிற நேரம் என்றால் வீடியோக்காரர் வெளிச்சத்தைப் போட்டு மேடையையும் சேர்த்துத்தான் எடுத்திருப்பார். நீங்கள் நடுவில் ஜோராக வாசித்துக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் ஒருவன், தோளில் பட்டைகூட இல்லாமல், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தட்டிக்கொண்டு நிற்பான். நம் ஊர்க் கல்யாணத்தில் யார் அந்நியர்? எல்லாரும் சொந்தம், இல்லையென்றால் சொந்தத்துக்குச் சொந்தம். அவன் பெண்டாட்டி வீட்டுக்காரர்கள்கூட அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு அவன் கிட்டார் வாசிக்கிறவனா, அண்ணனுக்குக் கிட்டார் தூக்குகிறவனா?

இன்னொன்றும் கேட்கிறேன். அவன் கம்பி அறுந்தால் என்ன செய்வீர்கள்? உங்களுடையதைக் கழற்றிக் கொடுப்பீர்களா? அவன் கம்பி அறுந்ததே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ரிதம் வாசிப்பவன் ஐந்து கம்பியை வைத்துக்கொண்டு சமாளித்து வாசித்துவிடுவான், யாருக்கும் தெரியாது.

1985-இல் அமெரிக்காவில், விவசாயிகளுக்கு நிதி திரட்டிய ஃபார்ம் எய்ட் நிகழ்ச்சி மேடையில், ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங்குக்கு நடுப்பாட்டில் கம்பி அறுந்தது. மனிதர் யாரிடமும் கை நீட்டவில்லை. பாடிக்கொண்டே புதுக் கம்பியை மாட்டினார், சுருதி சேர்த்தார், மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். அவரால் அது முடிந்ததற்குக் காரணம் அவர் விரல் மட்டும் இல்லை. பின்னால் குழு முழுசாக வாசித்துக்கொண்டிருந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரு கம்பி அறுந்ததற்கு ஒரு ஆளையே மேடையில் இருந்து கழித்துவிட்டீர்கள். ரிதம் நின்றுபோன பாட்டு தப்பித்தது என்கிறீர்கள். உங்கள் காதில் விழுந்த பாட்டு தப்பித்திருக்கும்.

சரி, கிட்டாருக்கு வருகிறேன். அதே கம்பி மூன்று தடவை அறுந்தால் அது தற்செயல் இல்லை. அறுந்த துண்டைத் தூக்கிப் போடாமல் எந்த இடத்தில் அறுந்தது என்று பாருங்கள். கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம், கம்பி உட்காரும் அந்தச் சின்ன இரும்புத் தகட்டின் மேல் அறுந்திருந்தால், தகட்டில் பிசிறு இருக்கிறது. விரல் நுனியால் தடவினால் உறுத்தும். மிக நைசான உப்புத்தாளை மடித்து லேசாகத் தேய்த்தால் வேலை முடிந்தது. டர்பன் கடல்காற்றிலும் கை வியர்வையிலும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். பெரிய நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பே புதுக் கம்பி போட்டு, நன்றாக இழுத்துவிட்டு, வாசித்துப் பழக்கிக்கொண்டு போங்கள். மூன்று தடவை அறுந்த பிறகும் இதைச் செய்யாமல் கடை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

லெஸ் பால் வேண்டாம். நல்ல கிட்டார்தான், ஸ்பேருக்குத் தோதுப்படாது. உங்கள் ஸ்ட்ராட்டில் கம்பியின் நீளம் 25½ அங்குலம். லெஸ் பாலில் ஏறக்குறைய 24¾. அதே கனத்தில் அதே சுருதிக்குக் கட்டினால் லெஸ் பாலில் கம்பி தளர்வாக இருக்கும். நம் பாட்டுகளுக்குக் கம்பியை இழுத்துத்தானே கமகம் கொண்டுவருகிறீர்கள்? ஸ்ட்ராட்டில் பழகிய விரல் அதே அளவு இழுத்தால் அங்கே சுரம் மேலே போய்விடும். பாதிப் பாட்டில் மாற்றுகிற கிட்டாரில் விரலுக்குப் புதுப்பாடம் எடுக்க நேரம் கிடையாது. அதோடு லெஸ் பாலில் இருப்பது ஹம்பக்கர் என்கிற பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்; அதன் சத்தமும் பெரிது. சொருகிய உடனே ஆம்பிளிஃபையரில் எல்லாவற்றையும் திருப்ப வேண்டியிருக்கும்.

இரையாது என்று சொன்னார்களே, அது உண்மைதான். ஹம்பக்கரில் இரண்டு சுருள். ஒன்றில் ஏறும் மின்சார இரைச்சலை மற்றது அடித்துவிடும். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஜெனரேட்டரும் கையுமாக அலைந்தோமே, அப்போது ஸ்ட்ராட் வைத்திருந்த எல்லாருக்கும் இந்த ஆசை வந்தது. ஆனால் உங்கள் ஸ்ட்ராட்டிலேயே பிக்கப் சுவிட்சை இரண்டாவது, நான்காவது இடங்களில் வைத்துப் பாருங்கள். இப்போது வருகிற பெரும்பாலான ஸ்ட்ராட்டுகளில் அங்கே இரைச்சல் அடங்கிவிடும். அதற்காகப் புதுக் கிட்டார் வேண்டியதில்லை. மனசு கேட்கிறது என்றால் மனசுக்காக என்று சொல்லி, உங்கள் சொந்தக் காசில் இன்னொரு நாள் வாங்குங்கள். குழுவின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள்.

நான் வாங்கச் சொல்வது ஸ்குவையர் டெலிகாஸ்டர். ஃபெண்டரின் மலிவு வகைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்ட்ராட்டின் அதே 25½ அங்குலம். பிரிட்ஜ் அசையாது என்பது அதைவிட முக்கியம். உங்கள் ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் ஸ்பிரிங்கில் மிதக்கிறது என்றால், ஒரு கம்பி அறுந்த உடனே மிச்சம் ஐந்தும் சுருதி ஏறிவிடும். உங்களால் அந்த ஐந்தை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாமல் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். டெலியில் அந்தத் தொல்லை இல்லை. வாங்கும் காசில் கொஞ்சம் நிறுத்தி வைத்து, விவரம் தெரிந்த ஆளிடம் கொடுத்துக் கம்பி உயரம், சுருதி சுத்தம் எல்லாம் சரிபார்த்து வாங்குங்கள். ஸ்ட்ராட்டில் போடுகிற அதே கனத்துக் கம்பியையே இதிலும் போடச் சொல்லுங்கள். மேடையில் அது பெட்டிக்குள் இருக்கக் கூடாது; சுருதி சேர்த்து, பட்டை மாட்டி, ஸ்டாண்டில் நிற்க வேண்டும். உங்கள் பக்கத்தில் இல்லை, உங்கள் இருவருக்கும் நடுவில். யார் கம்பி அறுந்தாலும் கை எட்ட வேண்டும்.

அப்படியென்றால் அது யார் காசு? குழுவின் காசு. பங்கு பிரிப்பதற்கு முன்னால் எடுத்து வையுங்கள். அதே காசில் தம்பியிடம் இருக்கிற அந்தப் பழைய கிட்டாரையும் பழுது பார்க்கக் கொடுங்கள். நீங்கள் கழித்துப் போட்ட அன்றைக்கே அதில் ஏதோ சரியில்லாமல் இருந்திருக்கும், இல்லையென்றால் கழித்திருக்க மாட்டீர்கள். அப்பா குழுவை உங்கள் கையில் விட்டுப் போனார் என்றால் மேடையின் நடு இடத்தை மட்டும் விட்டுப் போகவில்லை. சின்னவனையும் சேர்த்துத்தான் விட்டுப் போனார். எனக்கு இதில் இரண்டு பேச்சு கிடையாது: மூத்தவன் என்றால் தன் தட்டைப் பார்ப்பதற்கு முன்னால் தம்பி தட்டைப் பார்க்க வேண்டும். காலம் மாறிவிட்டது என்று எழுதாதீர்கள், அதெல்லாம் கேட்டுச் சலித்துவிட்டது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். தம்பி கையில் இருக்கிற ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு படைக்குப் போகச் சொல்லவில்லை.

கடைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் வாசித்துப் பார்க்கட்டும், கழுத்து அவன் கைக்கும் பொருந்துகிறதா என்று அவன் சொல்லட்டும். வாங்கிய பிறகு அந்த டெலியை அவன் வீட்டில் வையுங்கள். எடுக்காமல் பெட்டிக்குள் கிடக்கிற கிட்டார் நம் ஊர் ஈரக்காற்றில் கம்பி துருப்பிடித்து, கழுத்து லேசாக வளைந்து, தேவைப்படுகிற நேரத்தில் காலை வாரிவிடும். தினமும் யாராவது வாசிக்க வேண்டும். அவன் வாசிப்பான்.