கூலியைக் கேட்பது அவிசுவாசமா?

கேள்வி: என் கணவர் செம்பனைத் தோட்டத்தில், ஒரு குத்தகைக்காரரிடம் குலை வெட்டுகிறார். மூன்று மாதச் சம்பளம் நிலுவையில் கிடக்கிறது. கேட்கும்போதெல்லாம் “அடுத்த மாதம்” என்று சொல்லும் அவரும் எங்கள் திருச்சபையின் அங்கத்தினர்தான். இதற்கிடையில் புது லாரி ஒன்றும் வாங்கிவிட்டார். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாம் என்றால், “கர்த்தர் நியாயம் செய்வார், மனுஷரிடம் போவது அவிசுவாசம்” என்று சபை மூப்பர் ஒருவர் தடுக்கிறார். அந்தக் குத்தகைக்காரர் அழிந்துபோக வேண்டும் என்றுகூட நான் ஜெபித்திருக்கிறேன், ஐயா. எங்கள் விசுவாசத்தில்தான் குறையா?
- ஒரு சகோதரி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, உழைத்த கூலியைக் கேட்பதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. மூப்பர் மனதில் இருப்பது ரோமர் 12:19 ஆக இருக்க வேண்டும்: “பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்.” இந்த வசனத்தில் கர்த்தர் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்வது பழிவாங்கும் உரிமையை மட்டுமே, கூலியைக் கேட்கும் உரிமையைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அடுத்த அதிகாரத்திலேயே, அதிகாரத்தில் இருப்பவனைத் தேவ ஊழியக்காரன் என்று பவுல் அழைக்கிறார். அவரே செசரியாவில் ரோம தேசாதிபதி பெஸ்துவுக்கு முன்பாக நின்று “இராயனுக்கு அபயமிடுகிறேன்”, அதாவது ரோமச் சக்கரவர்த்தியிடமே மேல்முறையீடு செய்கிறேன் என்று சொன்னவர். அந்த நாளில் அவருடைய விசுவாசம் குறைந்துபோயிற்று என்று எந்தப் பிரசங்கியாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தவிரவும், கூலி என்பது வேதம் ஓயாமல் பேசுகிற விஷயம். ஏழைக் கூலிக்காரனின் கூலியை அவன் வேலை செய்த நாளிலேயே, பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது உபாகமம் 24:15. நம் மலேசிய நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளக் காலம் முடிந்து 7 நாள் வரை முதலாளிக்குத் தவணை கொடுக்கிறது. மோசேயின் சட்டம் அந்தத் தவணையைக்கூடக் கொடுக்கவில்லை. யாக்கோபு 5:4 இன்னும் ஒரு படி மேலே போய், அறுத்தவர்களுடைய கூக்குரல் ஒருபுறம் இருக்க, பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று எழுதுகிறது. குலை வெட்டுகிறவர்கள் வாழும் ஊரில் அந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.

சகோதரன் சகோதரன்மேல் வழக்காடலாமா என்ற 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தை மூப்பர் எடுத்துக் காட்டக்கூடும். அதைத் தட்டிக்கழிக்காமல் முழுவதும் வாசிக்க வேண்டும். “ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாது” என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. அது நம்மைக் குத்தத்தான் செய்யும். ஆனால் அதற்கு முன்பே, சகோதரருக்குள் வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி உங்களில் ஒருவனாவது இல்லையா என்று பவுல் சபையைத்தான் வெட்கப்படுத்துகிறார். அதற்குப் பின்பு, சகோதரருக்கே அநியாயம் செய்கிறவர்களைக் கண்டிக்கிறார். ஆகவே உங்களைத் தடுத்த மூப்பர் முதலில் அந்தக் குத்தகைக்காரரை அழைத்துக் கணக்குக் கேட்கட்டும். அவர் அதைச் செய்யாமல் உங்களை மட்டும் பொறுத்துப்போகச் சொன்னால், அவர் பாதி அதிகாரத்தைத்தான் போதிக்கிறார். சபையில் தீராவிட்டால் தாமதிக்காமல் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. வேலை செய்த நாட்களையும், வெட்டிய குலைகளின் கணக்கையும், வர வேண்டிய வெள்ளியையும் மாத வாரியாக எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

இனி அந்த ஜெபத்தைப் பற்றி. துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு பொறாமை கொண்டேன் என்று ஆசாப் 73ஆம் சங்கீதத்தில் ஒளிக்காமல் சொல்கிறார். 109ஆம் சங்கீதத்தின் சாபங்களைச் சபையில் சத்தமாக வாசிக்கவே பலர் தயங்குவார்கள். அவற்றையெல்லாம் வேதம் நீக்காமல் வைத்திருக்கிறது, ஏனெனில் அந்தக் கோபம் அண்டை வீட்டுத் திண்ணைக்குப் போகாமல் தேவ சமுகத்துக்குப் போயிற்று. நீங்களும் அங்கேதான் கொண்டுபோனீர்கள். ஆனால் அங்கே வைத்த பிறகு, தீர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்க முடியாது. நினிவே அழியாததற்காக யோனா கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கதை நமக்குத் தெரியும். அந்த மனிதர் அழிந்துபோனால் மூன்று மாதச் சம்பளமும் அவரோடு போகும். சகேயுவைப் போல மனந்திரும்பினால் நாலத்தனையாகத் திரும்பி வரும். எதற்காக ஜெபிப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: திராட்சத் தோட்டத்துக்காக நாபோத்தைக் கொன்ற ஆகாபைத் தேவன் தண்டித்தார். ஆனால் செத்துப்போன நாபோத்துக்கு அதனால் என்ன நியாயம் கிடைத்தது?
- ஒரு வாலிபர், அதே ஊர்

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதைவிட நிலைமை மோசம். நாபோத்தின் குமாரருடைய இரத்தமும் சிந்தப்பட்டது என்பது 2 இராஜாக்கள் 9:26இல், ஆகாபின் மகனைக் கொன்ற யெகூவின் வாயிலிருந்து தெரியவருகிறது; அதாவது நிலத்தைத் திரும்பக் கேட்க வாரிசும் மிஞ்சவில்லை. ஆகாபின் இரத்தத்தை நாய்கள் நக்கியதாலும், அவன் மகன் யோராமின் உடல் அதே நிலத்தில் எறியப்பட்டதாலும் நாபோத்துக்கு ஒரு திராட்சக் கொடிகூடத் திரும்பி வரவில்லை. குற்றவாளி தண்டிக்கப்படுவதோடு நியாயம் முடிந்துவிடுமானால், உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. கிறிஸ்தவர்கள் மரித்தோரின் உயிர்த்தெழுதலையும் நியாயத்தீர்ப்பையும் ஒரே மூச்சில் அறிக்கை செய்வது இதனால்தான்: பறிகொடுத்தவன் எழுந்து வந்து நிற்காத விசாரணை பாதி விசாரணையே. வெளிப்படுத்தின விசேஷம் 6ஆம் அதிகாரத்தில், கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து “எதுவரைக்கும்?” என்று கேட்கின்றன. அவர்களுக்கு வெள்ளை அங்கி கொடுக்கப்பட்டு, இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாறச் சொல்லப்படுகிறது. கேட்டதற்காக அவர்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை.